கியூவில் நிற்கலாமா, கிளம்பலாமா? ஒரு சின்ன கணக்கு

நாளைக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறப்போகுதுன்னு வாட்ஸ்அப்பில் செய்தி வருதுன்னு வைங்க. பங்க்கில் நீண்ட வரிசை. பைக்கில் 8 லிட்டர் போட்டா மிச்சம் 16 ரூபாய். அதுக்கு 40 நிமிஷம் நின்னா, உங்க ஒரு மணி நேரத்தை 24 ரூபாய்க்கு வித்துட்டீங்க!

வரிசையில் சேரும் முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

1. பயன்: நின்னா எத்தனை ரூபாய் லாபம்?
2. நேரம்: முன்னாடி 10 பேர், ஆளுக்கு 4 நிமிஷம்னா, 40 நிமிஷம்.
3. காத்திருப்பின் விலை: அந்த நேரம் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?

நேரத்தைக் காத்திருப்பின் விலையால் பெருக்குங்க. பயன் அதைவிட அதிகமா இருந்தா நில்லுங்க, இல்லைன்னா கிளம்புங்க.

சம்பளம்தான் விலையா?

மாசம் 40,000 ரூபாய் சம்பளம், 22 நாள், தினமும் 8 மணி நேரம்னா, ஒரு மணிக்கு சுமார் 227 ரூபாய். ஆனா இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்போது காத்திருந்தா சம்பளம் குறையாது. அன்னைக்கு உங்க விலை கம்மி.

பாஸ்போர்ட்டை எடுத்துக்கோங்க. பெரியவங்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண கட்டணம் 1,500 ரூபாய். தட்கல்னா கூடுதலா 2,000. பயணத் திட்டமே இல்லாதவருக்கு, லட்ச ரூபாய் சம்பளம் வந்தாலும், அந்த 2,000 வீண். அடுத்த மாசம் வெளிநாட்டு வேலையில் சேரணும், தாமதமானா ஆஃபர் போயிடும்னா, அதே 2,000 ரொம்ப மலிவு. சம்பளத்தை விட, தாமதத்தால் என்ன இழக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்.

ஏற்கெனவே நின்ன நேரம்?

"அரை மணி நேரம் நின்னாச்சே, எப்படி விட்டுட்டுப் போறது?" அந்த அரை மணி திரும்பி வராது. கணக்கில் சேர்க்காதீங்க. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் பாருங்க.

வரிசை ஏன் நீளுது?

1969-ல் நாவோர் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார். சேருறவர் தன் காத்திருப்பை மட்டும்தான் பார்ப்பார். தன்னால் பின்னாடி வர்றவங்களுக்கு ஆகும் தாமதத்தைப் பார்க்க மாட்டார். அதனால் எல்லாருக்கும் நல்லதா இருக்கும் அளவைத் தாண்டி வரிசை நீண்டுடும். கட்டணம் வச்சா அது குறையும்னு காட்டினார்.

அடுத்த தடவை வரிசையைப் பார்த்ததும் மொபைலில் கால்குலேட்டரைத் திறங்க. உங்க ஒரு மணி நேர விலை எவ்வளவு வந்துச்சு? கமெண்டில் சொல்லுங்க!