மெக்கானிக்கலை விட்டு மாறலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனமெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல்தான். இதை விட்டுவிட்டு வேறு கல்லூரியில் முதலாண்டிலிருந்து சேரலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கல்லூரியை மாற்றுமுன் ஆசையைச் சோதித்துப் பாருங்கள். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், பைத்தான் வழியாக டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் நடத்தும் பாடம் என்பிடெல்லில் இலவசமாகவே கிடைக்கிறது. வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் பயிற்சிகளை நீங்களே எழுதுங்கள். எண்களை வரிசைப்படுத்தும் சின்ன புரோகிராம்கூட ராத்திரி பதினொரு மணிக்குத் தப்பான விடை தரும். பிசகு எந்த வரியில் என்று தேடிக்கொண்டு உட்காருவது உங்களுக்குப் பிடித்திருந்தால், இது உங்கள் துறைதான். சம்பளத்தைப் பார்த்து வந்த ஆசையென்றால் அங்கேயே சலித்துவிடும்.

பிடித்திருந்தாலும், முதலிலிருந்து தொடங்க நான் சொல்லமாட்டேன். இரண்டு வருடமும் கட்டிய ஃபீஸும் போய்விடும். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இப்போதைய படிப்போடு சேர்த்தே ஆன்லைனில் படிக்கலாம். ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை; அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித்தேர்வு வைக்கிறார்கள். மெக்கானிக்கல் மாணவரும் கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதலாம். மூன்றாம் ஆண்டிலேயே எழுத முடியும். எம்சிஏவும் இருக்கிறது.

அரியர் ஏதாவது இருந்தால், இந்த செமஸ்டரிலேயே அதை முடித்துவிடுங்கள். வளாகத் தேர்வுக்கு வரும் பல கம்பெனிகள் பிரிவைப் பார்ப்பதில்லை, அரியரைப் பார்க்கின்றன.