பருவத்தின் நடுவே மட்டை முறிந்தால்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. ஆனால் ஹாக்கி ஆடும் பெண்ணைக் கேட்டால், கூடமும் சில வேளை கோணலாகத்தான் இருக்கும் என்பாள். போட்டிகள் பாதி முடிந்த நிலையில், ஆண்டுக்கணக்கில் கையோடு பழகிய மட்டையில் விரிசல் விழுந்தால் அவள் கண் கலங்குகிறாள். இது வெறும் பிடிவாதம் அன்று. இதற்குத் தக்க காரணம் உண்டு.

பற்று எதனால்?

ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தை ஆடக்கூடாது. ஆகவே தட்டைப் பக்கம் பந்தை நோக்கும்படி மணிக்கட்டை நொடிக்கு நொடி திருப்பவேண்டும். மட்டையின் நீளம், கனம், வளைவு ஆகியவற்றைக் கண்ணைவிட மணிக்கட்டே நன்கு அறியும். மட்டை மாறினால் மணிக்கட்டு மீண்டும் பாடம் படிக்கவேண்டும்.

ஒட்டி ஆடலாமா?

முதலில் விரிசலைச் சோதியுங்கள். மேல்பூச்சு மட்டும் கீறியிருந்தால் அஞ்சவேண்டாம். தரையில் மெல்லத் தட்டும்போது ஓசை மந்தமாகி, கையில் அதிர்வு ஏறினால் உள்ளே பழுது இருக்கக்கூடும். கடினமான ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அது வேகமாக மோதும்போது விரிந்த மட்டை உடைந்து, சிம்பு தெறித்து, தோழியின் முகத்தையே காயப்படுத்தலாம். சொரசொரப்பான, கூரிய பகுதியுள்ள மட்டையை விதிகளும் ஏற்பதில்லை. அத்தகைய மட்டைக்கு அன்றே ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

எதை வாங்குவது?

பிள்ளையின் வாட்டத்தைக் கண்ட பெற்றோர், “போனது போகட்டும், இதைவிட உயர்ந்ததாக வாங்கித் தருகிறோம்” என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆயினும் பருவத்தின் நடுவே தேவைப்படுவது உயர்ந்த மட்டை அன்று. பழையதை ஒத்த மட்டை.

1. நீளம்: பழைய மட்டையை அருகே வைத்து அளந்து வாங்குக. அதற்குள் பிள்ளை நன்கு வளர்ந்திருந்தால் மட்டும் மாற்றுக. பக்கத்தில் நிறுத்தினால் மட்டை இடுப்பெலும்பு உயரம் இருப்பது பொதுவான அளவு.

2. எடை: விதிப்படி 737 கிராமுக்கு மேல் கூடாது. மட்டை அதைவிட வெகுவாக இலேசாயிருந்தாலும் பழையதன் எடையை ஒட்டியே தேர்க.

3. வளைவு: 25 மில்லிமீட்டர்வரை அனுமதி உண்டு. வளைவு தாழ்வாக அமைந்த மட்டை பந்தைத் தூக்கி அனுப்ப உதவும். ஆனால் தரையோடு அடித்துப் பழகியவளுக்கு முதலில் பந்து மேலே எழும்பும்.

4. பொருள்: முசுக்கட்டை மரத்தாலான மட்டை பந்தின் வேகத்தை ஓரளவு உள்வாங்கும். கார்பன் இழை மிகுந்த மட்டை விறைப்பானது. அடி பலமாக விழும், நிறுத்தும்போது பந்து துள்ளி விலகும். விலையும் அதிகம். இத்தகைய மாற்றத்தை விடுமுறைக் காலத்தில் செய்துகொள்ளலாம்.

5. கைப்பிடிச் சுற்று: பழைய தடிப்பிலேயே சுற்றுக. உள்ளங்கை விரைவில் இணங்கும். சுற்றோடு சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் வளையத்தினூடே நுழையவேண்டும் என்பது விதி.

பழகும் முறை

நாளும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பந்தை நிறுத்துதல், அடுத்துத் தள்ளுதல், பிறகு நகர்த்திச் செல்லுதல், கடைசியில்தான் ஓங்கி அடித்தல். கை பழகுமுன் ஆட்டம் வந்துவிட்டால் அணித்தலைவியிடம் உள்ளதைச் சொல்லி, பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்தும் பொறுப்பை அன்றைக்கு வேறொருத்திக்கு விட்டுக்கொடுங்கள். அது தோல்வி அன்று. அணிக்குச் செய்யும் தொண்டு.

1980-இல் மாஸ்கோவில் பெண்கள் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அன்று மர மட்டைகளுடன் ஆடிய நம் நாட்டுப் பெண்கள் நான்காம் இடம் பெற்றனர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், இழைகளாலான புதிய மட்டைகளுடன் ஆடி மீண்டும் நான்காம் இடம் பெற்றனர். மட்டைகள் மாறிவிட்டன, மைதானத்தில் சிந்தும் வியர்வை மாறவில்லை.

மாணவியரே, பழைய மட்டையைத் துடைத்துப் பரணில் பத்திரமாக வையுங்கள். அது கற்றுத்தந்த ஆட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பொறுமையாகப் பழகினால் புதிய மட்டைக்கும் அது வந்து சேரும்.