வெடிக்காத தோட்டாவும் தளர்ந்த ஸ்பிரிங்கும்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆயுதக் கிடங்கில் உன் கைக்கு முதலில் வந்ததே ஒரு பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள் என்று எழுதியிருந்தாய். குதிரையை இழுத்தால் 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, சில தோட்டாக்கள் வெடிப்பதில்லை, எல்லோரும் தோட்டாவைத்தான் திட்டுகிறார்கள் என்கிறாய்.

தோட்டாவிலும் பழுது இருக்கலாம். அப்படி நேரும்போது துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் பொறு. தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடியிலுள்ள கேப்பைப் பார். குழி ஆழமாக விழுந்திருந்தால் தோட்டாவைச் சந்தேகி. மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தால், அடித்த ஊசிக்குப் பலமில்லை.

ஊசியைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று உடனே புதியது கேட்டு எழுதிவிடாதே. முதலில் போல்ட்டின் உட்புறத்தைத் துடை. வருடக்கணக்கில் பூசிய கிரீஸ் உள்ளே இறுகிக் கிடந்தால் நல்ல ஸ்பிரிங்கும் மெதுவாகத்தான் ஓடும். குளிர்ப் பிரதேசத்தில் இது இன்னும் மோசம்.

1907இல் வந்த இந்த ரைபிளின் மார்க் மூன்று வகையிலும் சரி, பின்னாளில் இஷாப்பூரில் 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 வகையிலும் சரி, போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் மெயின் ஸ்பிரிங் முழுதாக அழுந்தும். மவுசர் 98 ரைபிளில் பெரும்பாலும் கைப்பிடியைத் தூக்கித் திறக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடும். ஆகவே நம் துப்பாக்கியில், மூடும் கடைசித் தூரத்தில் உள்ளங்கை ஒரு எதிர்ப்பை உணர வேண்டும். "இது வெண்ணெய் மாதிரி போகுது சார்" என்று ஒருவர் புகழ்ந்தால், அந்தத் துப்பாக்கியைத்தான் நான் முதலில் பிரிப்பேன்.

பிரிக்கும் முன் மேகஸினைக் கழற்று. அறை காலியா என்று கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். போல்ட்டை உருவி, அதன் தலையைத் திருகி எடு. போல்ட்டின் பின்முனையில் இருக்கும் காக்கிங் பீஸின் பின்னாலுள்ள சின்னத் திருகையும் எடுத்துவிடு. இனி முன்பக்கமாகக் குழாய்ச் சாவியை விட்டு ஸ்டிரைக்கரை, அதாவது அந்த ஊசியை, கழற்ற வேண்டும். குதிரையை இழுத்துவிட்ட நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் அழுந்தியேதான் இருக்கும். மரை விட்டதும் ஸ்டிரைக்கர் முன்னே பாயும். சாவியை அழுத்திப் பிடி, முகத்தை விலக்கிக்கொள்.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் மேசையில் அருகருகே வை. குட்டையாகிப்போனது அப்போதே தெரியும். துருப் புள்ளி இருந்தால் நீளம் சரியாக இருந்தாலும் மாற்று. முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். இழுத்து நீட்டிப் பழையபடி போடும் வித்தையை யாராவது காட்டுவார்கள். கற்றுக்கொள்ளாதே. ராபர்ட் ஹூக் 1678இல் அச்சிட்ட விதி, உலோகம் தன் மீள் எல்லைக்குள் இருக்கும்வரைதான் செல்லும். நீட்டும்போது அதைத் தாண்டிவிடுகிறாய். சில நாளில் மறுபடி குறுகிவிடும். அழுத்தியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்பதும் பெரிதும் மிகைதான். எல்லைக்குள் அழுந்திக் கிடப்பதைவிட, திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதும் துருவும்தான் அதிகம் கெடுக்கும்.

மாட்டும்போது ஸ்டிரைக்கர் பழைய அளவுக்கே உள்ளே திருகப்பட வேண்டும்; இல்லையென்றால் சின்னத் திருகு உட்காராது. ஊசி முனை வெளியே நீளும் அளவைக் கேஜ் வைத்துப் பார். முக்கியமாக, போல்ட் எண்ணும் துப்பாக்கி எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடு. நாலு துப்பாக்கியை ஒன்றாகப் பிரித்துப் போட்டுக் கலந்துவிட்டால், ஸ்பிரிங் பழுதைவிடப் பெரிய ஆபத்தை நீயே செய்து வைத்தவனாவாய்.

மற்ற ஸ்பிரிங்குகள் சுலபம். காலிக் கூடு வெளியே தெறிக்காமல் உள்ளேயே விழுந்தால், அதைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங். கடைசி ரவுண்டுகள் மேலே ஏறாமல் போல்ட் அவற்றைத் தாண்டிப் போனால் மேகஸின் ஸ்பிரிங். ஆனால் த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பின்னால் சிக்கினாலும் தோட்டா சரியாக ஏறாது. முதலில் சரியாக அடுக்கிப் பார். காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் சியரின் ஸ்பிரிங்கை மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதே.

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தோடு இந்தத் துப்பாக்கிக்கு விடை கொடுத்துவிட்டது. உதிரிப் பாகம் வர வர அரிதாகிவிடும் என்பதால் கழற்றிய ஸ்பிரிங்கைத் தூக்கி எறிய உனக்கு மனம் வராது. கணக்கில் எழுதி, வளைத்துவிட்டு, கழிவில் சேர். அப்படியே டப்பாவில் போட்டால், அவசரத்தில் யாராவது அதையே எடுத்து மாட்டுவார்கள்.

அன்புடன்,
மாமா