ஒரே வகுப்பில் இருவர்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரில், உயர்நிலைப் பள்ளியொன்றின் ஒரே வகுப்பில் இரு நண்பர்கள் பயின்றனர். ஒருவர் ஆர்வில் ரைட். மற்றவர் பால் லாரன்ஸ் டன்பார். டன்பாரின் பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவ்வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். 1890-இல் அவர் நடத்திய சிறு பத்திரிகையை அச்சிட்டுத் தந்தவர்கள் ரைட் சகோதரர்களே.

பள்ளிக்குப் பின் பாதைகள் பிரிந்தன. படிப்பை முடிக்காத ஆர்விலால், அண்ணன் வில்பருடன் சேர்ந்து சைக்கிள் கடை நடத்த முடிந்தது. 1891-இல் படிப்பை முடித்த டன்பாருக்கோ, நிறத்தின் காரணமாக அலுவலக வேலை மறுக்கப்பட்டது. லிஃப்ட் இயக்கும் பணியே கிடைத்தது. அதனிடையே வாய்த்த ஓய்வில் அவர் கவிதை எழுதினார். தமது முதல் நூலை, லிஃப்டில் ஏறியவர்களிடமே விற்றார்.

1903, டிசம்பர் 17 அன்று, வட கரோலினாவின் கடற்கரையில் ஆர்வில் இயக்கிய விமானம் 12 விநாடிகள் பறந்தது. 1906-இல், நாடறிந்த கவிஞராகிவிட்ட டன்பார் தமது 33-ஆம் வயதில் காசநோயால் மறைந்தார்.

ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையும், தாய்க்காக டன்பார் வாங்கிய வீடும், 1992-இல் அமைக்கப்பட்ட ஒரே தேசிய வரலாற்றுப் பூங்காவில் இன்று இடம்பெற்றுள்ளன.

திறமை இருவரிடமும் இருந்தது. வாய்ப்பைச் சமூகம் சமமாக வழங்கவில்லை. கிடைத்த பணியை இழிவென எண்ணாமல் உள்ளத்தின் உயர்வைக் காத்தது டன்பாரின் பெருமை. ஆனால் அந்தப் பெருமை, வாய்ப்பை மறுத்தவர்களின் குற்றத்தைக் குறைத்துவிடாது. தகுதியுடையவனுக்குக் கதவைத் திறப்பது சமூகத்தின் கடமை.