மக்கர் செய்யும் கார் கண்ணாடி: பழுதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கண்ணாடிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று ஓடவில்லை. எந்தப் பார்ட்டை மாற்றலாம்?" என்பதுதான். மாற்றுவதற்கு முன்னால் பழுது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் சமாச்சாரம் இருப்பதால் தேடும் வழியை அதில் சொல்லித் தருவது கஷ்டம். பவர் விண்டோவில் மொத்தமே ஆறு பொருள்தான். பேட்டரி, ஃப்யூஸ், சுவிட்ச், வயர், மோட்டார், கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டர். பாடம் படிக்க வசதியானது. தவிர, இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய கார் ஒன்று உண்டு. போன வருடம் நவம்பரில் சென்னையில் மழை கொட்டிக் கொண்டிருந்தபோது, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. பாலிதீன் தாளை ஒட்டி வைத்தோம். "கதவைப் பாதி திறந்து வெச்சு சுவிட்சை அழுத்தினா ஏறுதுடா" என்றார் அப்பா. "கதவுக்கும் மோட்டாருக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரித்தேன். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். மோட்டார் 12 வோல்ட் டி.சி. மோட்டார். அதற்கு இரண்டு வயர்கள். ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் கொடுத்தால் கண்ணாடி ஏறும். மாற்றிக் கொடுத்தால் இறங்கும். அந்த மாற்றும் வேலையைச் செய்வதுதான் சுவிட்ச். டிரைவர் பக்கம் எல்லாக் கண்ணாடிகளுக்கும் சேர்த்து ஒரு மாஸ்டர் சுவிட்ச் இருக்கும். பழைய கார்கள் பலவற்றில் மற்ற கதவுகளின் மின்சாரமும் அந்த மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் போய் வரும். அதனால் இடது கதவுக் கண்ணாடி நின்றதற்கான காரணம் வலது கதவிலும் இருக்கலாம்.

இனி, ஸ்குரூ டிரைவரை எடுக்காமலே செய்யக்கூடிய சோதனைகள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். மாஸ்டர் சுவிட்சில் உள்ள லாக் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாதி "பழுது" இதுதான். மானிட்டர் பவர் பட்டனை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று போன் செய்கிறவர்கள் உண்டே, அந்தக் கதை. அடுத்து, எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும். பெரிய ஃப்யூஸ் போட்டால், அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும். ஒரு கண்ணாடி மட்டும் என்றால், அந்தக் கதவின் சுவிட்சிலும் மாஸ்டர் சுவிட்சிலும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். ஒன்றில் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சந்தேகம் சுவிட்ச் பக்கம் திரும்புகிறது. இறங்குகிறது, ஏறவில்லை என்றாலும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் திணறித் திணறி ஏறினால் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலில் அழுக்கு சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் போதும். கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக் கொள்ளும்.

எனக்குப் பிடித்த சோதனை இது. இருட்டில், எஞ்சினை அணைத்துவிட்டு உள் விளக்கைப் போடுங்கள். விளக்கைப் பார்த்துக் கொண்டே கண்ணாடி சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் எதுவோ இறுகிப் பிடித்திருக்கிறது. கொஞ்சமும் மங்கவில்லை என்றால் மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிட்டது. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக் கண்ணாடி அசையாவிட்டால், ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்திருக்கும். ஒன்று கவனம். தொடர்ந்து அழுத்திக் கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். பல மோட்டார்களில் இதற்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். சில நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

எங்கள் காரில் விளக்கு மங்கவில்லை. ஆக, மின்சாரம் போகவில்லை. இதுவரை சரியாகத்தான் வந்தேன். கதவின் உள் பேனலைக் கழற்றி, மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கி, மல்டிமீட்டரை வைத்து, அப்பாவை சுவிட்சை அழுத்தச் சொன்னேன். 12.3 வோல்ட். மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை, எனவே மோட்டார் அவுட். இன்ஜினீயரிங் படித்தவன் சொல்கிறேன் என்று அப்பாவும் நம்பினார். 3,200 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கி வந்து மாட்டினோம். அதுவும் ஓடவில்லை. எலெக்ட்ரிகல் பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. விளக்கு மங்காததையும் மீட்டர் 12.3 காட்டியதையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லையே!

மல்டிமீட்டர் ஏன் அப்படிச் சொன்னது? மீட்டர் வோல்டேஜை அளக்கும்போது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் மின்சாரத்தை எடுக்கிறது. மோட்டாருக்கோ சில ஆம்பியர்கள் வேண்டும். வயருக்குள் இருக்கும் இருபது முப்பது செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது தாராளம், முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டாரை இணைத்து சுவிட்சை அழுத்தியதும் வோல்டேஜ் படுத்துவிடும். குழாயை மூடி வைத்துப் பிரஷர் பார்ப்பதும் குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பதும் ஒன்றாகுமா?

இதற்கு மருந்து, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு. இரண்டு வயர் சேர்த்துக் கொண்டால் டெஸ்ட் லேம்ப் ரெடி. அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும். அதைக் கனெக்டரில் வைத்தபோது பளிச்சென்று எரியாமல் இழை மட்டும் லேசாகச் சிவந்தது. கதவு சுவிட்சுக்கு வரும் வயரில் ஒரு முனை, காரின் உடம்பில் உள்ள நல்ல போல்ட்டில் மறு முனை என்று வைத்தேன். அங்கேயும் மங்கல். அதே வயரைக் கதவுக்குள் நுழைவதற்கு முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கனெக்டரில் தொட்டேன். பளிச்! இரண்டுக்கும் நடுவில் இருப்பது, கதவுக் கீல் பக்கத்தில் நெளி நெளியாக இருக்கும் ரப்பர் குழாய் மட்டும்தான். அதைப் பிதுக்கிப் பார்த்தால், உள்ளே வயர் பச்சை பூத்து, இற்று, நூலாக நின்றது. எத்தனை வருடம், எத்தனை முறை கதவு திறந்து மூடியிருக்கும்! பாதி திறந்தால் இழைகள் ஒன்றையொன்று தொடும், கண்ணாடி ஏறும். அப்பா முதல் நாளே சொன்னது இதுதான்.

(டெஸ்ட் லேம்ப்பைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். மஞ்சள் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேகுக்குப் போகிறவை, தொடவே கூடாது. எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டின் மெல்லிய வயர்களிலும் வேண்டாம்.)

பழுது பார்க்கும்போது பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். ரெகுலேட்டர் பக்கம் கை போகும் என்றால் கண்ணாடியை டேப் போட்டு மேலே நிறுத்திக் கொள்ளுங்கள், இல்லையென்றால் கத்தி போல இறங்கும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவது வழக்கம், ஆனால் அது ஆறு மாதம்கூட நிற்காது. சால்டர் செய்த இடம் விறைத்துவிடும், மடங்கும் இடத்தில் விறைப்பு வந்தால் அதன் ஓரத்தில் மறுபடி அறுந்துவிடும். அதே பருமனில் ஒரு புதிய வயர்த் துண்டை எடுத்து, ரப்பர் குழாய்க்கு இரண்டு பக்கமும் தள்ளி இணைப்பு வரும்படி சேர்த்து, ஸ்லீவ் போட்டேன். வயருக்கு ஆன செலவு 40 ரூபாய்.

லேப்டாப் மூடியை ஒரு கோணத்தில் வைத்தால் திரை தெரிகிறது, இன்னொரு கோணத்தில் தெரியவில்லை என்று வருகிறார்களே, அதுவும் இதே பழுதுதான். திரைக்குப் போகும் கேபிள் கீல் வழியாக மடங்கி மடங்கி நைந்திருக்கும். திரையையே மாற்றச் சொல்லும் முன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, கேம் ஆரம்பித்ததும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படலாம். லோடு இல்லாதபோது அதுவும் சரியான வோல்டேஜைத்தான் காட்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கார்களில் இப்போது சுவிட்ச் நேராக மோட்டாரோடு பேசுவதில்லை. கதவுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து, பெரும்பாலும் லின் என்ற ஒற்றை வயர் நெட்வொர்க்கில் செய்தி வாங்குகிறது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 20 கிலோபிட். பழைய டயல்-அப் மோடமே 56 என்று பீற்றிக் கொண்டது. கண்ணாடிக்கு இது போதும். இந்தக் கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஒரே அழுத்தில் முழுதாக ஏறும் வசதி மறந்து போகலாம். மேன்யுவலில் சொன்னபடி மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யும் வரை, விரல் சிக்கினால் தானே இறங்கும் பாதுகாப்பும் வேலை செய்யாமல் இருக்கக்கூடும். குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். சரியாகிவிட்டதா என்று கையை வைத்துச் சோதிக்காதீர்கள்.

அந்த 3,200 ரூபாய் மோட்டார் இன்னும் அட்டைப் பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு யார் காரில் வந்தாலும் அப்பா, "கண்ணாடியெல்லாம் ஒழுங்கா ஏறுதா?" என்று ஆவலாக விசாரிக்கிறார்.