தீபாவளிக் கோழி

வேலணை

அன்புள்ள மருமகளுக்கு,

"கோழிக்கறி இல்லாமல் என்ன தீபாவளி மாமா?" என்று எழுதியிருந்தாய்.

போன வருசம் தீபாவளிக்கு முதல்நாள் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றேன். இறங்குதுறை வெயிலில் இரண்டு பிளாஸ்டிக் கூடை நிறைய இறைச்சிக்கோழிகள். எல்லாம் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஒன்று எழும்பப் பார்த்தது. நெஞ்சுப் பாரம் தாங்காமல் கால் விரிந்து திரும்பவும் குந்திவிட்டது. வயது ஆறு கிழமைதான் இருக்கும். உங்கள் வளவில் அந்த வயது ஊர்க்கோழிக் குஞ்சு இன்னும் தாய்க்குப் பின்னால் ஓடித்திரியும்.

கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் பழைய இனத்தையும் புது இனத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் 1957ஆம் ஆண்டு இனம் 905 கிராம். 2005ஆம் ஆண்டு இனம் 4 கிலோ 200 கிராம். ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வது வெறும் கதை. கெதியாகச் சதை வைப்பதையே தெரிந்தெடுத்துப் பெருக்கியதன் பலன் இது. காலும் இருதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

நான் முழுச் சைவக்காரன் இல்லை, உனக்கே தெரியும். கடல் சூழப் பிறந்த பிள்ளையிடம் மீனை விடு என்று சொல்ல மனம் வராது. நல்ல நாளில் கோழியை மட்டும் விடு என்கிறேன்.

பழக்கம் என்பார் உன் அப்பா. வேள்விக்குக் கிடாயும் சேவலும் வெட்டியதும் எங்கள் ஊர்ப் பழக்கந்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் அதை எதிர்த்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில் பலியைத் தடைசெய்து தீர்ப்பளித்தது.

நயினாதீவு ஆனித் திருவிழாவில் அமுதசுரபி மண்டபத்துப் பந்தி ஞாபகமா? மணிமேகலைக்கு அமுதசுரபிப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். (அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.) மூன்றாம் தரமும் சோறு கேட்டாயே, அப்போது கோழி தேடினாயா?

அம்மாவிடம் சோயாமீற் மட்டும் வேண்டாம் என்று சொல்லு. கோழி இல்லாத குறையை அதுதான் ஞாபகப்படுத்தும். கத்தரிக்காயைப் பொரித்து, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும்போது இறைச்சிச் சரக்கைத் தூவச் சொல்லு. பலாக்கொட்டை கிடைத்தால் அதையும் போடலாம். வாழையிலை நான் வெட்டிக்கொண்டு வருகிறேன்.

மாமா