பிக்கிபேக்கில் பன்றி இல்லை

பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பதை ஆங்கிலத்தில் 'பிக்கிபேக்' என்பார்கள். சொல்லைக் கேட்டவுடன் பன்றி நினைவுக்கு வரும். பன்றிக்குட்டியை முதுகில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன குடியானவரிடமிருந்து வந்த சொல் என்று கதை கட்டுபவர்களும், பன்றியின் முதுகில் பிள்ளைகள் சவாரி போனதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டும் தவறு. 1560களில் ஆங்கிலத்தில் வழங்கிய பழைய வடிவத்தில் பன்றியும் இல்லை, முதுகும் இல்லை. அதில் இருந்தது மூட்டை. 'தூக்கிப் போடுதல்' என்ற பொருள் கொண்ட ஒரு வட்டார வினையும், 'மூட்டை' என்ற பெயரும் சேர்ந்து, தோளில் தூக்கிப் போட்ட சுமை என்று பொருள்பட்டது என்பதே அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். அந்த வினை வழக்கொழிந்ததும் சொல்லின் உட்பொருள் மக்களுக்குப் புலப்படவில்லை. 'மூட்டை' ஒலி மெல்ல 'முதுகு' ஆயிற்று. பொருள் தெரியாமல் நின்ற முற்பாதியில் தெரிந்த விலங்கான பன்றி வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ் எழுத்தில் எழுதினால் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வல்லொலி மெல்லொலியாக மாறியதை ஆங்கிலக் காது மட்டுமே கேட்கும். இப்போதைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

பொருள் மறந்த சொல்லுக்குள் தெரிந்த சொல்லைப் புகுத்துவது எல்லா மொழியிலும் நடக்கிற காரியம். 'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கோவை பூனையில்தான் தொடங்குகிறது. அதில் பூனை எதுவும் இல்லை என்பதைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் பார்த்த எவரும் சொல்லிவிடுவார்கள்.

ஆங்கிலம் தொலைத்த மூட்டையைத் தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் வைத்திருக்கிறார்கள். 'உப்பு மூட்டை தூக்கு' என்று கேட்டு முதுகில் தொற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு உமணர்களைத் தெரியாது. சங்க காலத்தில் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற அந்த வணிகர்களுக்கும் விளையாட்டின் பெயருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் பெயரில் சுமை அப்படியே இருக்கிறது. முதுகில் ஏறினால்தான் தமிழில் உப்பு மூட்டை. தோளில் உட்கார்ந்து இரு பக்கமும் கால் தொங்கவிட்டால் அது வேறு. ஆங்கிலச் சொல் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. லாரிகளைச் சரக்கு ரயிலில் ஏற்றிச் செல்வதும் பிக்கிபேக்தான். கொங்கண் ரயில்வே 1999இல் அப்படியொரு சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், இந்தியாவின் ஓஷன்சாட் செயற்கைக்கோளுடன் கொரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் சிறு செயற்கைக்கோள்களையும் சுமந்து சென்றது. அப்படி ஒட்டிக்கொண்டு போகிற சுமைக்கும் விண்வெளிக்காரர்கள் சொல்லும் பெயர் இதுவே.

தோளில் சுமக்கப்பட்ட பிள்ளைகளில் தமிழ்நாடு அதிகம் அறிந்த பிள்ளை திருஞானசம்பந்தர். சீர்காழியில் பிறந்த அவரைத் தந்தை சிவபாத இருதயர் தோளில் தூக்கிக்கொண்டுதான் தலம் தலமாகப் போனார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த நூல் காட்டும் பயணங்களில் ஒன்று கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. தில்லையிலிருந்து புறப்பட்டு, உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊரான எருக்கத்தம்புலியூர், அதாவது இன்றைய ராஜேந்திரப்பட்டினம்; அங்கிருந்து முதுகுன்றம் என்கிற விருத்தாசலம்; அடுத்து பெண்ணாடம். கருவறை படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்திருப்பதால் பெண்ணாடத்துக் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். அங்கே வழிபட்டுவிட்டு வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திருஅரத்துறைக்கு, இப்போது திருவட்டத்துறை என்று அழைக்கப்படும் ஊருக்கு, கிளம்புகிறார்கள்.

இந்த வழியில்தான் முத்துச் சிவிகை வருகிறது. சிவிகை என்றாலே பவிசு, அரச மரியாதை என்பது பரவலான எண்ணம். சம்பந்தருக்கு முத்துப் பல்லக்கு கிடைத்ததையும் பெருமைக்கு வந்த பரிசாகவே பலர் சொல்கிறார்கள். சேக்கிழார் சொல்லும் காரணம் எளிமையானது: பிள்ளைக்குக் கால் வலித்தது. அன்று சம்பந்தர் தந்தையின் தோளில் ஏறாமல் நடந்தே வந்தார். பாதம் நொந்தது. வழியிலிருந்த மாறன்பாடியை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிரவு அரத்துறை இறைவன் அவ்வூர்ப் பெரியவர்களின் கனவில் தோன்றி, கோயிலில் இருக்கும் முத்துச் சிவிகையையும் குடையையும் சின்னத்தையும் எடுத்துப்போய்ப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னதாகப் புராணம் கூறுகிறது. தோளுக்குப் பதிலாக வந்த வாகனம் அது. மரியாதை அதில் உண்டுதான், ஆனால் பரிவு முன்னால் நிற்கிறது.

பெண்ணாடத்துக்கும் தோளுக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சமண சமயத்திலிருந்து திரும்பி வந்த திருநாவுக்கரசர், அங்கே இருந்த உடம்போடு வாழ மனமில்லாமல், சூலக்குறியும் இடபக்குறியும் தம்மேல் பொறிக்க வேண்டும் என்று வேண்டியது இதே தூங்கானை மாடத்தில்தான். குறிகள் பதிந்த இடம் அவருடைய தோள். பிற்காலத்தில் திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் முத்துச் சிவிகையில் வந்தபோது, கூட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் புகுந்து சிவிகையைத் தாங்கியவர் அவர். அப்பர் எங்கே என்று சம்பந்தர் மேலிருந்து கேட்க, கீழேயிருந்து பதில் வந்தது. சம்பந்தர் பதறி இறங்கினார். புராணக் கணக்கில் பார்த்தால், பெண்ணாடத்தில் குறி பதிந்த தோள், அடுத்த ஊரான அரத்துறையில் கிடைத்த பல்லக்கைச் சுமந்திருக்கிறது. சம்பந்தர் அவரை 'அப்பர்' என்று அழைத்ததையும் சேர்த்து நினைத்தால், அந்தப் பிள்ளை தந்தையின் தோளைவிட்டு முழுதாக இறங்கவே இல்லை.

பல்லக்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஆங்கிலத்தின் 'பாலன்கீன்' ஐரோப்பாவில் பிறந்தது, நாம் அதைத் திரித்துப் பல்லக்கு ஆக்கிக்கொண்டோம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வந்த வழி நேர்மாறானது. கட்டில், மஞ்சம் என்ற பொருளுள்ள வடமொழிப் 'பர்யங்க', 'பல்யங்க' ஆகிய வடிவங்களிலிருந்து கிளைத்த சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றில் பரவின. இந்தியில் பால்கி, தெலுங்கில் பல்லகி, தமிழில் பல்லக்கு. இந்திய வடிவம் ஒன்றைப் போர்ச்சுகீசியர் 'பலன்கிம்' என்று எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குப் போயிற்று.

தூக்கியவரும் தூக்கப்பட்டவரும் திருக்குறளிலும் இருக்கிறார்கள். அறன் வலியுறுத்தல் அதிகாரத்தின் 37ஆம் குறள் சிவிகையைப் பற்றியது. சுமப்பவன் முன்வினையால் சுமக்கிறான், ஊர்பவன் புண்ணியத்தால் ஊர்கிறான் என்று வள்ளுவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்பது பலருடைய நம்பிக்கை. அது பரிமேலழகரின் உரை வழியே நிலைத்த பொருள். குறளில் உள்ளது 'வேண்டா' என்கிற மறுப்பு. அறத்தின் வழி இதுதான் என்று அந்த இருவரைக் காட்டிச் சொல்லாதே என்று வள்ளுவர் தடுப்பதாகவும் தற்கால உரைகாரர்கள் பொருள் கண்டிருக்கிறார்கள். ஈரடியில் இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கும்போது, ஒன்றை மட்டும் வள்ளுவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. சுமப்பவனின் நிலைமைக்கு அவனையே பொறுப்பாக்குகிற வாசிப்பை இந்தக் கட்டுரை ஏற்கவில்லை.

பல்லக்குச் சுமப்பது பழங்கதை அல்ல. 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் ஆதீனகர்த்தரைப் பல்லக்கில் சுமக்க மயிலாடுதுறை கோட்டாட்சியர் தடை விதித்தார். பெரும் வாதத்துக்குப் பிறகு அரசு அனுமதித்தது; மே 22 அன்று விழா நடந்தது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த வாதத்தில் அடிபட்டது. மனமுவந்து சுமப்பதும் கட்டாயத்துக்குச் சுமப்பதும் வேறுவேறு என்பதுதான் அங்கே கேள்வி. அப்பர் சுமந்ததை எவரும் கட்டாயம் என்று சொல்ல மாட்டார்கள். கூலிக்காகவும் அதிகாரத்துக்கு அஞ்சியும் சுமந்தவர்களுக்கு அவரை உதாரணம் காட்டவும் முடியாது.

கம்பெனிக் காலத்துச் சென்னை மாகாணத்தில் அப்படிச் சுமந்தவர்கள் ஏராளம். அவர்களை வெள்ளைக்காரர்கள் 'பாய்' என்று அழைத்தார்கள். சிறுவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வளர்ந்த ஆட்களை இழிவாகக் கூப்பிட்டார்கள் என்று பலரும் கருதுகிறார்கள். வேலைக்காரரைக் கூப்பிடும் 'பாய்' விஷயத்தில் அது சரி. பல்லக்குத் தூக்கியவரைக் குறித்த 'பாய்' வேறு சொல். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. பல்லக்குச் சுமந்த ஒரு சமூகத்தாரைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான 'போயி'தான் அதன் மூலம். கோவாவில் குடை பிடிப்பவர்களைக் குறிக்கப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அதை எழுதியிருக்கிறார்கள். ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகளைத் தமிழாக்குபவர்கள் 'பல்லக்குப் பையன்கள்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, பல்லக்குத் தூக்கிகள் என்றே எழுதலாம்.